தட்டுப்பாடும் தேக்கமும் எங்கே பிறக்கின்றன?

2020 மார்ச் மாதத்தை வணிகப் பெருமக்கள் யாரும் மறந்திருக்க முடியாது. சானிடைசர் பாட்டில் ஒன்று கிடைக்காதா என்று வாடிக்கையாளர்கள் கடை கடையாக அலைந்த நேரம் அது. மார்ச் 13 அன்று மத்திய அரசு அதை அத்தியாவசியப் பொருள் பட்டியலில் சேர்த்தது. பிறகு, 200 மில்லி பாட்டிலை 100 ரூபாய்க்கு மேல் விற்கக்கூடாது என்றும் அறிவித்தது. பத்துப் பெட்டி தேவைப்பட்ட கடைக்காரர் முப்பது பெட்டி கேட்டார். அதையும் ஒரே டிஸ்ட்ரிபியூட்டரிடம் கேட்கவில்லை. எங்கிருந்தாவது வரட்டும் என்று மூன்று பேரிடம் சொல்லி வைத்தார். அந்த மூன்று பேரும் தங்களுக்கு மேலே இருந்தவர்களிடம் இதையே செய்தார்கள். சர்க்கரை ஆலைகளும் சாராய வடிப்பாலைகளும்கூடச் சானிடைசர் தயாரிப்பில் இறங்கின. ஜூன் 30-உடன் அத்தியாவசியப் பட்டியலில் இருந்தும் அது நீங்கியது. அதற்குப் பிறகுதான், சொல்லி வைத்த சரக்கெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கியது. காலாவதித் தேதி தாண்டிய பாட்டில்களைப் பரணில் போட்டு வைத்திருந்த கடைகள் நம் ஊரில் எத்தனை!

இதற்கு யார் காரணம் என்று கேட்டுப் பாருங்கள். "கம்பெனிக்காரன் நம்ம தலையில கட்டிட்டானுங்க" என்பார் கடைக்காரர். "கடைக்காரங்க கேட்டாங்க, நாங்க போட்டோம்" என்பார் டிஸ்ட்ரிபியூட்டர். இரண்டு பேரும் சேர்ந்து ஜனங்களைக் குறை சொல்வார்கள். மூன்று பேரும் தங்கள் தங்கள் இடத்தில் நின்று பார்த்தால் நியாயமாகத்தான் நடந்துகொண்டார்கள். நியாயமாக நடந்துகொண்டவர்கள் எல்லோரும் சேர்ந்து எப்படி இத்தனை பணத்தை முடக்கினார்கள் என்பதுதான் நாம் இங்கே பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நான்கு பேர் விளையாட்டு

இந்தக் கேள்விக்கு விடை தேட ஒரு விளையாட்டே இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜே ஃபாரஸ்டர் என்ற மேலாண்மைப் பேராசிரியரின் குழுவினர் 1960-களில் உருவாக்கியது. மேலாண்மைக் கல்லூரிகளில் இன்றும் விளையாடுகிறார்கள். விளையாட்டில் விற்கும் சரக்கு பீர். பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம்; நாம் அதைச் சோப்பு என்றே வைத்துக்கொள்வோம்.

நான்கு பேர் வரிசையாக உட்காருவார்கள். முதலாமவர் சில்லறைக் கடைக்காரர். அடுத்தவர் மொத்த வியாபாரி, மூன்றாமவர் டிஸ்ட்ரிபியூட்டர், நான்காமவர் தொழிற்சாலை. ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. வாரம் ஒரு முறை சீட்டில் எழுதி மேலே இருப்பவருக்கு ஆர்டர் அனுப்பலாம், அவ்வளவுதான். ஆர்டர் போய்ச்சேர 2 வாரம், சரக்கு வந்துசேர 2 வாரம். தொடக்கத்தில் ஒவ்வொருவர் கையிலும் 12 பெட்டி இருப்பு. இருப்பில் கிடக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் வாரத்துக்கு அரை டாலர் செலவு. கேட்டுக் கொடுக்க முடியாமல் போன ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு டாலர் நஷ்டம்.

முதல் நான்கு வாரம் வாடிக்கையாளர்கள் வாரத்துக்கு 4 பெட்டி வாங்குகிறார்கள். ஐந்தாவது வாரம் அது 8 ஆகிறது. அதன்பிறகு ஆட்டம் முடியும்வரை 8 தான். நடக்கும் மாற்றம் இந்த ஒன்று மட்டுமே. ஆனால் இது கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

என்ன ஆகும் தெரியுமா? கடைக்காரரின் இருப்பு கரைகிறது. அவர் 8-க்குப் பதில் 12 கேட்கிறார். சரக்கு வரவில்லை; வழியில் இருக்கிறது. பொறுமை இழந்து அடுத்த வாரம் 16 கேட்கிறார். மொத்த வியாபாரிக்குத் திடீரென்று தலைகால் புரியவில்லை. அவர் 20 கேட்கிறார். தொழிற்சாலைக்குப் போய்ச்சேரும்போது அது 30, 40 என்று ஊதிப் பெருத்துவிடுகிறது. பிறகு கேட்டதெல்லாம் மொத்தமாக வந்து குவிகிறது. எல்லோரும் ஆர்டரை நிறுத்திவிடுகிறார்கள். வாரக் கணக்கில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். தொழிற்சாலைக்காரர் ஊரே சோப்புப் போடுவதை நிறுத்திவிட்டதோ என்று விழிக்கிறார்.

இந்த ஆட்டத்தின் கணக்குகளைத் தொகுத்து அதே கழகத்தின் ஜான் ஸ்டெர்மன் 1989-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வந்திருக்கக்கூடிய குறைந்த செலவைப்போல் சராசரியாக 10 மடங்கு செலவை ஆட்டக்காரர்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும், வாடிக்கையாளர்கள் வாராவாரம் எவ்வளவு வாங்கியிருப்பார்கள் என்று மேலே இருந்தவர்களைப் படம் போட்டுக் காட்டச் சொல்வார்கள். எல்லோரும் மலையும் பள்ளமுமாக வரைவார்கள். நடந்ததோ ஒரே ஒரு படி ஏற்றம்.

ஃபாரஸ்டருக்கு இந்த ஞானம் வந்ததே ஒரு தொழிற்சாலையில்தான். கென்டக்கி மாநிலத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் வீட்டுச் சாதன ஆலைகள், சில காலம் மூன்று ஷிஃப்ட் ஓடும்; சில ஆண்டு கழித்துப் பாதி ஆட்களை வீட்டுக்கு அனுப்பும். சந்தை நிலவரம் அப்படி என்றார்கள் நிர்வாகிகள். ஃபாரஸ்டர் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு, அவர்கள் இருப்பு வைக்கும் முறையையும் ஆள் எடுக்கும் முறையையும் வாராவாரம் கணக்கிட்டுப் பார்த்தார். வெளியே இருந்து வரும் ஆர்டர் சீராகவே இருந்தாலும்கூட அந்த முறைகளே ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும் என்று தெரிந்தது.

ஈரோட்டு மஞ்சள்

அமெரிக்கக் கதை எதற்கு என்று கேட்பவர்கள் ஈரோட்டைப் பார்க்கலாம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஈரோட்டு மஞ்சள், 2010-ல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியது. கிலோ 150 ரூபாய். மஞ்சள் போட்டவர் வீட்டில் எல்லாம் கல்யாணக் களை. அடுத்த வரப்பில் கரும்பும் நெல்லும் வைத்திருந்தவர் சும்மா இருப்பாரா? விதை மஞ்சளுக்கே போட்டி. நம் மாவட்டங்களில் மட்டும் இல்லை, தெலங்கானாவின் நிஜாமாபாத்திலும் மகாராஷ்டிரத்தின் சாங்கிலியிலும் இதே கணக்கைத்தான் போட்டார்கள்.

மஞ்சள் ஒன்பது மாதப் பயிர். வைகாசி, ஆனியில் நட்டால் தை, மாசியில்தான் வெட்டு. பிறகு வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி மண்டிக்குக் கொண்டுவர வேண்டும். இன்றைய விலையைப் பார்த்து நடுகிறவர் அடுத்த ஆண்டின் விலைக்குத்தான் விற்கிறார். அவரைப்போல் எத்தனை ஆயிரம் பேர் நட்டிருக்கிறார்கள் என்பது வெட்டும் வரையில் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. 2012 தொடக்கத்தில் விலை 5,000-க்கும் கீழே போனது.

விவசாயியின் துயரம் ஊரறிந்தது. கடைக்காரரின் கதையை யாரும் எழுதவில்லை. ஏறுகிற விலையைப் பார்த்து, இன்னும் ஏறும் என்று விரலி மஞ்சளைக் கிலோ 150-க்கு வாங்கிக் குடோனில் அடுக்கியவர், அதை 50 ரூபாய்ச் சந்தையில் விற்க நேர்ந்தால் மூட்டைக்கு மூட்டை முதலில் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. விலை ஏறும் என்று கணித்து வாங்கி வைப்பது வணிகனின் உரிமை. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கணிப்பதற்கு அவர் எதைப் பார்த்தார்? விலைப் பலகையைப் பார்த்தார். வயலில் என்ன நின்றது என்று பார்க்கவில்லை. விலை உச்சத்தில் இருந்த அதே மாதங்களில்தான் அந்த விலையைக் கவிழ்க்கப்போகும் மஞ்சள் மண்ணுக்குள் கிழங்கு பிடித்துக்கொண்டிருந்தது.

2024-ல் ஈரோட்டில் விலை மறுபடியும் 15,000-ஐத் தாண்டியது. அப்போதும் பக்கத்து வரப்பைப் பார்த்துத்தான் பலர் விதை வாங்கினார்கள்.

ஸ்கீம் என்னும் சுழல்

மஞ்சளாவது ஆண்டுக்கு ஒரு முறை. நம் கடைகளில் இது மாதா மாதம் நடக்கிறது. மாதக் கடைசி வாரம் லைன் சேல்ஸ்மேன் வருவார். "அண்ணா, டார்கெட் முடியோணும், பத்துக்கு ரெண்டு ஃப்ரீ போட்டுத் தர்றனுங்க" என்பார். தேவை பத்துப் பெட்டி, எடுப்பது நாற்பது. அடுத்த இரண்டு மாதம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. கம்பெனியின் கணக்கில் விற்பனை விழுந்துவிட்டது என்று தெரியும். உடனே இன்னும் பெரிய ஸ்கீம் வரும்.

ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி குழந்தைகளின் டயப்பரில் இதைக் கண்டுபிடித்தது. குழந்தைகள் நனைப்பது எல்லா வாரமும் ஒரே அளவுதான். கடைகளின் விற்பனையும் ஏறத்தாழ அப்படியே. ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர்களின் ஆர்டர் மட்டும் தாறுமாறாக ஏறி இறங்கியது. சாட்டையை மெல்லச் சொடுக்கினால் நுனி சீறுவதுபோல் என்பதால் இதற்குச் 'சாட்டை விளைவு' என்று பெயர் வைத்தார்கள். 1997-ல் ஹாவ் லீ முதலிய மூன்று பேராசிரியர்கள் இதற்கு நான்கு காரணங்களைச் சொன்னார்கள். வந்த ஆர்டரையே தேவை என்று நம்பிக் கணிப்பது, சேர்த்து வைத்து மொத்தமாக ஆர்டர் போடுவது, ஸ்கீமுக்காக வாங்கிக் குவிப்பது, தட்டுப்பாட்டில் கூட்டிக் கேட்பது. ரங்கே கவுடர் வீதியில் ஒரு வாரம் கல்லாவில் உட்கார்ந்தவருக்கு இந்த நான்கும் புதிதில்லை.

முடங்கிய சரக்கின் விலை என்ன? தேவைக்கு மேல் 2 லட்சம் ரூபாய்ச் சரக்கு குடோனில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வட்டிக்குக் கணக்குப் போட்டால் மாதம் 4,000. ஸ்கீமில் கிடைத்த இலவசப் பெட்டி எந்த மாதத்தில் வட்டியில் கரைந்தது என்று பேரேட்டில் எங்கும் வராது. சில நிமிடங்களில் வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறோம் என்று செல்போன் கம்பெனிகள் நம் தெருக்களில் இறங்கியிருக்கும் காலத்தில், இந்த 4,000 ரூபாயை யாருக்கும் தெரியாமல் மாதா மாதம் இழக்க நமக்குக் கட்டுப்படியாகாது.

முதலாளியின் கோபமும் ஒரு தாமதம்

ஃபாரஸ்டரின் வழியில் வந்த பீட்டர் செங்கே 1990-ல் 'தி ஃபிஃப்த் டிசிப்ளின்' என்ற நூலை எழுதினார். தனித்தனித் துண்டுகளாகப் பார்க்காமல் முழு அமைப்பாகப் பார்ப்பதுதான் அவர் சொல்லும் ஐந்தாவது பயிற்சி. மற்ற நான்கில் ஒன்று, தலைவன் தன்னைத் தானே செம்மைப்படுத்திக்கொள்வது. மற்றொன்று, மனதில் ஊறிப்போன எண்ணங்களை வெளியே எடுத்து வைத்துச் சோதிப்பது. படித்தவுடன் நமக்கும் இது சாமியார் உபதேசம் போலத்தான் பட்டது. இருப்புக்கும் ஆர்டருக்கும் முதலாளியின் குணத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. ஒரு கடையைப் பாருங்கள். "அண்ணா, இந்த மசாலாப் பாக்கெட்ட யாருமே கேக்கறதில்லீங்க" என்கிறான் பொட்டலம் கட்டும் பையன். "உனக்கென்னடா தெரியும், போய் வேலையப் பாரு" என்கிறார் முதலாளி. பையன் அடுத்த முறை சொல்லமாட்டான். மசாலா நகரவில்லை என்ற சேதி முதலாளிக்கு வருட இருப்பு எடுக்கும்போதுதான் வந்துசேரும். பையன் சொன்ன நாளுக்கும் இருப்பு எடுத்த நாளுக்கும் நடுவே ஆறு மாதம். விளையாட்டில் ஆர்டர் போய்ச்சேர இரண்டு வாரம் ஆனதால்தானே அத்தனை குழப்பம்? இங்கே ஒரு அதட்டல் ஆறு மாதத் தாமதத்தைக் கடைக்குள்ளேயே கட்டிவிட்டது. அதற்குக் கம்பெனியும் பொறுப்பில்லை, சந்தையும் பொறுப்பில்லை.

வாடிக்கையாளர் எதைக் கேட்டு இல்லையென்று திரும்பிப் போனார் என்பது பில்லிலும் வராது, கம்ப்யூட்டரிலும் வராது. விற்றதைத்தான் கம்ப்யூட்டர் சொல்லும். விற்காமல் போனதைக் கவுண்டரில் நிற்கும் பையன் ஒருவன்தான் அறிவான். அவன் வாயைத் திறக்க வைப்பது எந்தச் சாஃப்ட்வேராலும் ஆகாத காரியம்.

இதைத் தொழில் முறையாகவே ஆக்கியவர்கள் ஜப்பானின் செவன்-இலெவன் கடைக்காரர்கள். 1974 மே மாதம் டோக்கியோவின் டொயோசு பகுதியில் முதல் கடை திறந்தது. அதற்கு முன் அது ஒரு சிறிய மதுக்கடை. மொத்த வியாபாரிகள் பெரிய லாட்டாகத்தான் சரக்குக் கொடுப்பார்கள். கடைக்குள் வைக்க இடமில்லாமல் பெட்டிகள் நிறைந்தன. சிறு அளவில் அடிக்கடி கொண்டுவந்து கொடுங்கள் என்று மொத்த வியாபாரிகளை ஒப்புக்கொள்ள வைப்பதே முதல் போராட்டமாக இருந்தது. 1982-ல் ஒவ்வொரு விற்பனையையும் பதியும் கருவிகள் வந்தன. அதோடு விட்டுவிடவில்லை தொஷிஃபுமி சுசூகி என்ற அதன் தலைவர். எந்தப் பொருள் நாளைக்கு எத்தனை விற்கும் என்று ஊகித்து ஆர்டர் போடும் வேலையைக் கடையில் நிற்பவர்களிடமே கொடுத்தார். பகுதி நேரமாக வேலை பார்க்கும் மாணவர்களும் இல்லத்தரசிகளும்கூட ஆர்டர் போடுவார்கள். நாளைக்கு வெயில், பக்கத்துப் பள்ளியில் விளையாட்டு விழா, ஆகவே குளிர்பானம் இத்தனை, உணவுப் பொட்டலம் இத்தனை. மறுநாள் விற்ற கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தவறினால் ஏன் தவறியது என்று யோசித்து அடுத்த ஊகம். ஜப்பானில் மட்டும் இப்போது 20,000-க்கும் மேற்பட்ட கடைகள்.

நம்மால் இது ஆகாதா? நமக்கு அவர்களைவிட அதிகமாகவே தெரியும். கோனியம்மன் தேருக்கு எந்தத் தெருவில் என்ன போகும், மருதமலைத் தைப்பூசத்துக்கு முந்தின வாரம் கற்பூரம் எத்தனை, மாரியம்மன் நோம்பிக்கு எந்தக் கிராமத்துக்காரர் எப்போது மொத்தமாகச் சாமான் கட்டுவார், முகூர்த்தம் இல்லாத மாதத்தில் எது படுத்துவிடும் என்பதெல்லாம் நம் முதலாளிகளுக்கு மனப்பாடம். ஆனால் எல்லாம் ஒரே ஒரு தலைக்குள் இருக்கிறது. அந்தத் தலை ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்தால் கடையும் படுத்துவிடுகிறது.

ஆர்டர் நோட்டில் ஒரு பத்தியைக் கூட்டிக்கொள்ளலாம். இருபது பெட்டி என்று எழுதும்போது பக்கத்திலேயே 'ஏன்' என்றும் நான்கு வார்த்தை. 'தேர் வருகிறது', 'ஸ்கீம்', 'சேல்ஸ்மேன் கெஞ்சினார்', 'போன வாரம் வரவில்லை, அதனால் கூட'. மூன்று மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் நம் கை எதற்காக ஆடுகிறது என்று எழுத்தில் நிற்கும். இன்னொரு பத்தியில், சொல்லி இன்னும் வந்துசேராத சரக்கு. வழியில் இருப்பதை மறந்துவிட்டு மறுபடி கேட்பதுதான் ஆட்டக்காரர்கள் பெரும்பாலோர் தடுக்கி விழுந்த இடம் என்று ஸ்டெர்மனின் கட்டுரை சொல்கிறது.

பிள்ளைகள் கடைக்கு வரமாட்டேன் என்கிறார்கள் என்று சங்கத்தில் பேசாத கூட்டம் இல்லை. இன்ஜினியரிங் படித்துவிட்டுச் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறான், சம்பளம் அதிகம் என்கிறோம். சம்பளம் ஒரு காரணம்தான். முப்பது வயதுப் பையனுக்கு அப்பாவின் கடையில் ஒரு டஜன் சோப்பு வாங்கும் அதிகாரம்கூட இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சோப்பு, பேஸ்ட் வரிசை ஒன்றை மட்டும் மூன்று மாதம் முழுதாக அவனிடம் விட்டுப் பார்க்கட்டும். ஆர்டர் அவனுடையது, தவறும் அவனுடையது. மூன்று மாதமும் வாயைத் திறக்காமல் கல்லாவில் உட்கார்ந்திருப்பது அப்பாவுக்குக் கடினமான விரதம். செங்கே சொல்லும் தன்னைச் செம்மைப்படுத்துதல் மளிகைக் கடையில் இந்த உருவத்தில்தான் வரும் என்பது நமது அபிப்பிராயம்.

சங்கத்தில் ஒரு மாலை

விளையாட்டை நம் அடுத்த மாதாந்திரக் கூட்டத்திலேயே நடத்திப் பார்க்கலாம். செலவில்லை. ஒரு நீள மேசை, துண்டுச் சீட்டுகள், பெட்டிகளுக்குப் பதிலாக ஒரு படி புளியங்கொட்டை. சில்லறைக் கடைக்காரரை டிஸ்ட்ரிபியூட்டர் நாற்காலியிலும், டிஸ்ட்ரிபியூட்டரைச் சில்லறைக் கடை நாற்காலியிலும் உட்கார வைப்பது நல்லது. ஒருவர் மட்டும் வெளியே நின்று வாடிக்கையாளர் சீட்டைக் கொடுக்க வேண்டும். அரை டாலர், ஒரு டாலர் என்பதை அரை ரூபாய், ஒரு ரூபாய் என்று மாற்றிக்கொள்ளலாம். 50 வாரம் ஆடப்போகிறோம் என்று சொல்லிவிட்டு 36-வது வாரத்தில் நிறுத்திவிடுவது வழக்கம். இல்லாவிட்டால் கடைசியில் எல்லோரும் இருப்பைக் காலி செய்து தப்பிக்கப் பார்ப்பார்கள்.

ஒன்றே ஒன்று கவனம். ஆட்டம் முடிந்ததும் வாடிக்கையாளர் சீட்டுகளை உடனே காட்டிவிடக்கூடாது. முதலில் மொத்த வியாபாரி, டிஸ்ட்ரிபியூட்டர், தொழிற்சாலை மூவரையும், வாடிக்கையாளர் வாராவாரம் எத்தனை பெட்டி கேட்டிருப்பார் என்று தனித்தனியே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். தாள்களை வாங்கிச் சுவரில் ஒட்டிய பிறகு சீட்டுக் கட்டைப் பிரிக்கலாம்.